கீறல் விழவில்லை

வண்டி ஓட்டும்போது நமக்குள்ள பயமெல்லாம் பெரிய சாலையோடு முடிந்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. சாலையில் லாரி ஒன்று பக்கத்தில் உரசுவதுபோல் வந்தால் உடம்பு விறைக்கிறது, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறோம். கடை வாசலில் திரும்பி பார்க்கிங்குக்குள் நுழைந்ததும் சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுகிறோம். கை போனைத் தேடுகிறது. மனம், வாங்க வேண்டிய சாமான்களை எண்ணத் தொடங்குகிறது. வண்டி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அந்த நேரத்தில் நம்மைச் சுற்றி இருப்பவர்களோ கால்நடையாகப் போகிறவர்கள். பைகளைச் சுமந்தவர்கள், கைத்தடி ஊன்றியவர்கள், குழந்தையைக் கையில் பிடித்தவர்கள்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை தி. நகரில் ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் நின்றிருந்தோம். பேங்க் வேலை, அம்மாவுக்கு மாத்திரை, கல்யாணத்துக்குப் புடவை என்று காலையிலிருந்தே அலைச்சல். எங்களுக்கு முன்னால் ஒரு கார் பின்னோக்கி வந்தது. அதன் பின்னால் ஒரு சிறுவன், கழன்றுபோன செருப்பை மாட்டக் குனிந்திருந்தான். குனிந்த பிள்ளை எந்தக் கண்ணாடியில் தெரிவான்? அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஓடிவந்து டிக்கியில் ஓங்கித் தட்டினார். கார் நின்றது. இடையில் ஒரு முழம்கூட இல்லை.

அதன்பிறகு நடந்தவைதான் மனத்தை அறுக்கின்றன. "புள்ளைய கையில புடிச்சிக்க வேணாமாம்மா?" என்று கூட்டம் அந்தச் சிறுவனின் தாயைத் திட்டியது. ஒருவர் டிக்கியைத் தடவிப் பார்த்து, "கீறல் இல்ல சார், வண்டிய எடுங்க" என்றார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. எங்கள் வண்டியும் அந்த வரிசையில்தான் நின்றது. நாங்களும் கடிகாரத்தைத்தான் பார்த்தோம். தட்டிய அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டில் அதை ஒரு கதையாகச் சொன்னோம். "ஏதோ கடவுள் புண்ணியம்" என்று முடித்தோம். கடவுள்மேல் பாரத்தைப் போட்டதும் நம் பங்கு என்னவென்று யோசிக்கும் வேலை மிச்சமாகிவிட்டது. நூலிழையில் தப்பியதெல்லாம் நமக்கு அதிர்ஷ்டமாகத்தான் தெரிகிறது, எச்சரிக்கையாகத் தெரிவதில்லை.

மெதுவாகத்தானே போகிறோம் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது மனிதன் நடக்கிற வேகம். அந்த வேகத்திலும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நகர்கிறது. போனிலிருந்து கண்ணை எடுத்துக் கண்ணாடியைப் பார்ப்பதற்குள் இரண்டு விநாடி போனால், வண்டி மூன்று மீட்டர் பக்கம் வந்துவிடும். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் 85 சென்டிமீட்டர் அளவுதான். இன்று நாம் ஆசைப்பட்டு வாங்கும் உயரமான வண்டிகளில், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பே அதைவிட மேலே இருக்கிறது. உயரத்தில் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று நினைத்து வாங்கினோம். அந்த உயரம் யாரை மறைக்கிறது என்று ஷோரூமில் நாம் யாரும் கேட்கவில்லை.

பின்னால் ஆளோ பொருளோ இருந்தால் ஒலியெழுப்பும் கருவி, நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயம். அந்தச் சத்தத்தை நாம் என்ன செய்கிறோம்? சுவர் பக்கம் போனாலும் கத்துகிறது, பைக் நின்றாலும் கத்துகிறது என்று அலுத்துக்கொண்டு பாட்டின் ஒலியைக் கூட்டுகிறோம். கருவி வருவதற்கு முன்பே விதி இருந்தது. யாருக்கும் ஆபத்து நேராது என்று முதலில் உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளே சொல்லின. ஓட்டுநர் பயிற்சியிலும் நமக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும், திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை விட்டவர்கள் நாம்தான்.

2002-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், குழந்தைகள் மருத்துவர் ஒருவர் தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தார். பின்னால் நின்றது அவருடைய இரண்டு வயது மகன் கேமரன். குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் தந்தை வாயை மூடிக்கொண்டு காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் தன் கையால் நேர்ந்ததை மறைக்காமல் சட்டம் இயற்றுவோர் வரை எடுத்துச் சென்றார். அந்தக் குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008-இல் கையெழுத்தானது. பின்புறக் கேமரா அங்கே எல்லாப் புதிய கார்களிலும் 2018 மே மாதம் கட்டாயமாயிற்று. அந்த விதியைக் கொண்டுவந்தபோது அரசு சொன்ன கணக்கு, பின்னோக்கி வரும் வண்டிகளால் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறக்கிறார்கள் என்பது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள். உலகத்திலேயே ஆற்றமுடியாத துயரத்தில் இருந்த ஒருவர் தன்னை முன்னிறுத்திப் பேசினார். ஒன்றும் ஆகாமல் தப்பிய நாம் பேசாமல் இருக்கிறோம்.

கடையை விடுங்கள், நம் வீட்டுக்கே வருவோம். அடுக்குமாடிகளில் தரைத்தளம் முழுவதும் தூண்களும் கார்களும்தான். தெருவில் விளையாடிய பிள்ளைகளை, வண்டி வருகிறது என்று உள்ளே அழைத்தோம். உள்ளே அவர்களுக்கென்று இடம் வைக்கவில்லை. ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று அளந்து கோடு போட்டோம். ஒரு பிள்ளை ஓட எத்தனை மீட்டர் வேண்டும் என்று அளக்கவில்லை. தூண்களுக்கிடையே அவர்கள் கிரிக்கெட் ஆடியபோது பலகை மாட்டினோம், "இங்கே விளையாடக் கூடாது" என்று. அந்தப் பலகையை மாட்டச் சொல்லிக் கேட்ட கூட்டங்களில் நாமும் உட்கார்ந்திருந்தோம். அங்கே பேசப்பட்டது பந்து பட்டுக் காரில் கீறல் விழுவதைப் பற்றி. கார் பட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பல கட்டடங்களில் வாட்ச்மேன் குடும்பம் அந்தத் தரைத்தளத்தில்தான் குடியிருக்கிறது. நமக்கு அது வண்டி நிறுத்தும் இடம். அவர்களின் குழந்தைக்கு அதுதான் வீட்டு முற்றம். கேட்டைத் திறக்கவும் வண்டிக்கு வழி காட்டவும் நாம் கூப்பிடுவது அந்தக் குழந்தையின் அப்பாவைத்தான். அவர் நம் வண்டிக்குப் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று சொல்லும் நேரத்தில் அவர் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நம் வசதிக்கு அவரைக் காவல் வைத்தோம். அவர் பிள்ளைக்கு நாம் காவல் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

கதவைத் திறந்து ஓர் அடி வைத்ததும் நாமும் நடந்துபோகிறவர்கள்தான். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த நடையாளிகள் 32,825 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. கார்க்காரர்கள், நடக்கிறவர்கள் என்று இரண்டு சாதி கிடையாது. சாவியைப் பையில் போடும் நேரத்தில் நாம் மறுபக்கம் வந்துவிடுகிறோம். இருந்தும், திரும்பி வண்டியில் ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம்.

இதைச் சரிசெய்யப் பெரிய பணமோ புதிய சட்டமோ வேண்டாம். ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம், அரை நிமிடம் ஆகும். நிறுத்தும்போதே பின்னோக்கி நிறுத்தினால், கிளம்பும்போது முன்னால் இருப்பவர்களைக் கண்ணால் பார்த்து எடுக்கலாம். காலியான இடத்துக்குள் பின்னால் போவது, ஆட்கள் நடமாடும் வழிக்குள் பின்னால் வருவதைவிட எவ்வளவோ மேல். பிள்ளைகள் எல்லோரும் உள்ளே ஏறிக் கதவு சாத்திய பிறகுதான் என்ஜின் என்று வீட்டில் ஒரு வழக்கம் வைக்கலாம். வண்டி முழுதாக நிற்கும்வரை போன் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், கீறலைப் பற்றிப் பேசும் அதே நாம் இதையும் பேச வேண்டும். வளைவில் ஒரு குவி கண்ணாடி, இருட்டு மூலைக்கு ஒரு விளக்கு, மாலை நேரத்தில் பிள்ளைகள் ஆட இரண்டு கார் அளவுக்குக் காலி இடம். அந்த இடத்தில் வாட்ச்மேன் பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று எழுதியே வைக்க வேண்டும். யார் தன் இடத்தை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி கண்டிப்பாக வரும். அப்போது பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமல், நாம் முதலில் கையைத் தூக்குவோம்.