விற்ற ஒலி வீடு வந்து சேரட்டும்

ஹோம் தியேட்டர் விற்பவர் ஸ்பீக்கர்களைச் சுவரில் மாட்டி, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புவதோடு விற்பனை முடிந்துவிடக் கூடாது. ரிசீவருக்குள் எந்த ஒலி வடிவம் வந்து சேர்கிறது என்பதை அதன் முகப்பிலேயே வாங்கியவருக்குக் காட்டிய பிறகுதான் பில்லில் கையெழுத்து வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் ‘டால்பி அட்மாஸ்’ என்று ஒலி வடிவத்தின் பெயரை அச்சிட்டிருப்பது, அந்தக் கருவியால் என்ன முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. புத்தம் புதிய அமைப்பில் சரவுண்ட் வரவில்லை என்றால் ஸ்பீக்கரைச் சந்தேகிப்பதற்கு முன் ஒலி வரும் வழியைப் பார்ப்பதே முறை.

டிவியில் ஓடும் செயலியின் ஒலி எச்டிஎம்ஐ கேபிளில் திரும்பி ரிசீவருக்கு வர வேண்டும். டிவியின் பின்புறம் மூன்று நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும், ‘ஏஆர்சி’ அல்லது ‘இ-ஏஆர்சி’ என்று குறித்த துளை மட்டுமே அந்த வேலையைச் செய்யும். கேபிள் சரியாக இருந்தும் டிவியின் ஒலி அமைப்பு ‘பிசிஎம்’ என்று இருந்தால், சாதாரண ஏஆர்சி வழியே இரண்டு தடங்களுக்கு மேல் வராது. அதை ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்ற வேண்டும். ஆப்டிகல் கேபிள் டால்பி டிஜிட்டல் 5.1 வரை கொண்டுவரும், அட்மாஸைக் கொண்டுவராது. சில டிவிகள் டிடிஎஸ் என்ற ஒலி வடிவத்தை ஏற்பதே இல்லை; பென்டிரைவில் இருக்கும் படம் ஓடும், சத்தம் வராது. இவை தவிர, கேரளத்தின் அதியன்னூர், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தனிக் கவனம் கேட்கும் ஒன்றும் உண்டு. தமிழும் மலையாளமும் சேர்ந்து புழங்கும் வீடுகளில் ஒரே படத்தை இரு மொழியிலும் பார்ப்பார்கள். ஓடிடியில் மூல மொழித் தடம் அட்மாஸில் இருக்க, டப்பிங் தடம் வெறும் ஸ்டீரியோவாக இருப்பதுண்டு. மொழியை மாற்றியதும் பின்பக்க ஸ்பீக்கர் ஓய்ந்தால் கருவியைக் குறை சொல்ல முடியாது.

எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதே, பிறகென்ன என்று கேட்பார்கள். ஏமாற்றம் ஒளிந்திருப்பதே அங்கேதான். இரண்டு தட ஒலியையும் ரிசீவர் தானாகவே எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுத்துவிடக்கூடும். ஒலிப்பதிவாளர் மழையைத் தலைக்கு மேலும் வசனத்தை நடுவிலும் வைத்த தீர்மானம் அதில் இருக்காது. கருவியின் ஊகம்தான் இருக்கும். காதை நம்பிச் சோதிக்க முடியாது என்பதால்தான் முகப்பு எழுத்தைப் பார்க்கச் சொல்கிறேன். கிராமத்து இணைய வேகம் போதாது என்பது இன்னொரு சமாதானம். நெட்ஃபிளிக்ஸின் அட்மாஸ் ஒலிக்கு நொடிக்கு அதிகபட்சம் 768 கிலோபிட் போதும். 2023 ஜூனில் தொடங்கிய, கேரள அரசின் இணையச் சேவையான கே-ஃபோனின் 20 எம்பிபிஎஸ் திட்டத்தில்கூட அது சிறு பங்குதான். ஆனால் நெட்ஃபிளிக்ஸில் அந்த ஒலி உயர்ந்த சந்தா கட்டுபவர்களுக்கே கிடைக்கும், இதையும் விற்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சிறு வியாபாரிக்கு இது பாரம் என்பது நியாயமான ஆட்சேபம். லாபம் குறைவு, பொருத்த வரும் பையனுக்குப் பயிற்சியும் இல்லை. ஆனாலும் எல்லா ஸ்பீக்கருக்கும் சோதனை ஒலி கொடுத்து, அட்மாஸ் தடமுள்ள ஒரு படத்தை ஓட்டி முகப்பைக் காட்டச் சில நிமிடம் போதும். திரும்பத் திரும்ப வரும் புகார் அழைப்புகள் அதைவிட அதிக நேரம் தின்னும். பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. அட்மாஸ் ஒலியோடு வந்த முதல் இந்தியப் படம் 2012இல் வெளியான ‘சிவாஜி 3டி’. தமிழ்ப் படம் அதில் முந்திக்கொண்ட பிறகும், தமிழ்த் தடத்தின் ஒலி வடிவம் என்ன என்று படத்தை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஓடிடி நிறுவனங்கள் ஒவ்வொரு மொழியின் பக்கத்திலும் அதன் வடிவத்தை எழுதட்டும். கடைக்காரர் தான் சோதித்துக் காட்டிய வடிவத்தைப் பில்லில் எழுதிக் கொடுக்கட்டும்.