தலைமையாசிரியருக்கு ஃபிளெக்ஸ் போதுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ஒரு தலைமையாசிரியர் மறைந்தால், பாதையோரம் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் முளைக்கிறது. அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்குள் அது கிழிந்தும் போகிறது. அவர் பாடுபட்ட பள்ளியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அப்போதெல்லாம் பள்ளிகளுக்காக ஊரையே திரட்டிய கல்வியாளர் நெ.து. சுந்தரவடிவேலுவை நினைத்துக்கொள்கிறேன். 1912-இல் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர்; பஞ்சாயத்து அதிகாரியாகத் தொடங்கி, காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநரானவர். 1956-இல் மதிய உணவுத் திட்டம் வேரூன்ற ஓடியாடி உழைத்தார். 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசை, நாற்காலி, கடிகாரம், சீருடை என ஊர்க்காரர்களே கொண்டுவந்து குவித்தார்கள். அதிகாரி கேட்டு ஊர் கொடுத்தது, லஞ்சமாக அல்ல! 1993-இல் அவர் மறைந்தார்.

உங்கள் ஊர்த் தலைமையாசிரியருக்கு அஞ்சலி செலுத்த வேண்டுமா? ஃபிளெக்ஸ் காசில் பள்ளிக்கு நாலு பெஞ்சு வாங்கிப் போடுங்கள்.