கூட்டாளியாம், கூட்டாளி!

உச்சி வெயில். அண்ணா சாலையில் தார் உருகுகிறது. முதுகிலே பெட்டி, வயிற்றிலே பசி; மோட்டார் சைக்கிளில் விரைகிறான் ஓர் இளைஞன். பெட்டியில் இருப்பது வேறொருவருக்குரிய பகலுணவு. இவன் யார்? தொழிலாளி என்றுதானே எவரும் சொல்வர்! இல்லையாம். இவனை ஏவிய நிறுவனம் இனிப்பான பெயரொன்று சூட்டியிருக்கிறது: "கூட்டாளி."

கூட்டாளியாம், கூட்டாளி! இலாபத்தில் பங்குண்டா? இல்லை. கட்டணத்தை வகுக்கும் உரிமையுண்டா? இல்லை. கணக்கேட்டைக் காணும் வழியுண்டா? அதுவும் இல்லை. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விபத்து நேர்ந்தால் முறியும் எலும்பும் அவனுடையது! எங்கே போவது, எவ்வளவு நேரத்தில் போவது, போனதற்குக் கூலி எவ்வளவு என்பவை மட்டும் நிறுவனத்தின் கையில். முணுமுணுத்தால் செயலியில் அவன் கணக்கு முடக்கப்படும். மறுநாள் வீட்டில் அடுப்பெரியாது. கூட்டாளியைக் கூட்டாளியே இப்படி விரட்டும் வாணிபத்தை எந்தக் கடைவீதியில் கண்டோம்?

பெயரைச் சூட்டி உரிமையைப் பறிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. பிறப்பைக் காட்டிப் பெயரிட்டார்கள். பெயரைக் காட்டிப் பிழைப்பை விதித்தார்கள். ஏனென்று கேட்டபோது, "எழுதியிருக்கிறது" என்றார்கள். எழுதியவன் யார், எழுதியதால் ஆதாயம் யாருக்கு என்று திருப்பிக் கேட்டது பகுத்தறிவு இயக்கம். அதே கேள்வியை இன்று ஒப்பந்தத் தாளை நோக்கிக் கேட்கிறோம்.

இந்தப் பெயர் இயற்கையின் கட்டளையா? அன்று! எல்லையைத் தாண்டினால் பெயரும் மாறுகிறது. இலண்டனில் ஊபர் வண்டியோட்டிகள் வழக்காடினார்கள்; 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்சநீதிமன்றம், அவர்கள் குறைந்தபட்சக் கூலிக்கும் ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்கும் உரிய உழைப்பாளரே என்று தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் டெலிவரூவின் உணவு விநியோகிப்பவர்களுக்குக் கூட்டுப்பேர உரிமையை மறுத்தது. காரணம்? தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்று அவர்களுடைய ஒப்பந்தம் இடம் கொடுத்தது! ஸ்பெயின் 2021-இல் சட்டமே இயற்றியது: செயலியால் ஆட்டிவைக்கும் நிறுவனத்துக்கு உணவு சுமப்பவர் ஊழியர் என்றே முதலில் கொள்ளப்படுவார். கலிபோர்னியாவும் 2019-இல் அந்த வழியில் நடந்தது. நிறுவனங்கள் விட்டனவா? 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின. 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, தம் ஓட்டுநர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதபடி செய்துகொண்டன. 2024 ஜூலையில் அம்மாநில உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது.

உழைப்பு ஒன்றே, வியர்வை ஒன்றே, ஊருக்கு ஊர் பெயர் வேறு! ஆகவே, விதி வகுப்பவன் மனிதன். மனிதன் வகுத்ததை மனிதன் மாற்றலாம்.

நம் நாட்டின் நிலை என்ன? 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளி என்பவர் யார் என்று அது விளக்குகிறது: வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்துப் பொருளீட்டுபவராம்! எது வழக்கோ அதையே தீர்ப்பாக எழுதிவிட்டார்கள். வெளியே நிறுத்திவிட்டு, "நீ வெளியே நிற்பவன்தானே" என்கிறார்கள். நிறுவனங்கள் தம் ஆண்டு வரவில் 100-க்கு 1 முதல் 2 வரை நிதிக்குத் தரவேண்டுமாம். அதுவும் இந்தத் தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 100-க்கு 5-ஐத் தாண்டலாகாதாம். நிதி வரும். ஆனால் குறைந்தபட்சக் கூலி? வேலைநேர வரம்பு? மிகைநேர ஊதியம்? அவை வாயிலுக்கு உள்ளே இருப்பவர்க்கே!

மாநிலங்கள் வாளாவிருக்கவில்லை. இராஜஸ்தான் 2023-இல் தனிச் சட்டம் கண்டது. தமிழ்நாடு அதே ஆண்டு டிசம்பரில் நலவாரியம் அமைத்தது. 2025-இல் சென்னை மாநகராட்சி குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது. கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம், 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தராமல் எவரையும் நீக்கலாகாது என்றது. வரவேற்கிறோம். நிழல் வேண்டும், நீர் வேண்டும், காப்பீடு வேண்டும். ஆனால் நலம் வேறு, உரிமை வேறு. நலம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமை, மறுத்தால் வழக்காடிப் பெறுவது.

"நினைத்த நேரத்தில் வருகிறான், நினைத்தால் போகிறான், இவனா தொழிலாளி?" என்று கேட்பார்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள். விடை பழைய ஏட்டிலேயே இருக்கிறது. சௌராட்டிரத்தின் தாரங்கதாரா உப்பளத்தில் அகாரியர் உழைத்தனர். அவர்களுக்கு வேலைநேரம் வகுக்கப்படவில்லை. வருகைப் பதிவேடு கிடையாது. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். விளைந்த உப்பின் எடைக்கே கூலி. அவர்கள் தொழிலாளரே என்று இந்திய உச்சநீதிமன்றம் 1956 நவம்பரில் தீர்ப்பளித்தது. மேற்பார்வையும் கட்டுப்பாடும் யாரிடம் என்பதே அன்று உரைகல். இன்று வருகைப் பதிவேட்டைவிடக் கூர்மையான கண் அந்தச் செயலிக்கு இருக்கிறதே! ஒவ்வொரு தெருமுனையும், ஒவ்வொரு நிமிடமும் அதற்குத் தெரியுமே!

நெல்லைச் சீமையை நினைவுகூர்வோம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிய பெண்ணுக்கு முதலாளி யார்? இலையும் தூளும் கொடுத்தவன், "நானல்லன்" என்றான். 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றினாலும் அவள் ஊழியரே என்றது. முதலாளிகள் எதிர்த்து வழக்காடினர். 1974-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. தொழிற்சாலைச் சுவர் இல்லாமலே தொழிலாளி என்னும் நிலை கிடைத்தது!

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. வேலை தந்து, விலை வகுத்து, விரட்டும் அதிகாரமும் வைத்திருப்பவன் முதலாளி. அவனிடம் உழைப்பவன் தொழிலாளி என்றே சட்டம் தொடங்கட்டும். இல்லையென்று மறுப்பவன் மெய்ப்பிக்கட்டும். அந்தச் சுமையையும் இளைஞன் முதுகில் ஏற்றவேண்டாம். தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது; மாநிலச் சட்டமன்றம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டுமென்பர். இயற்றி அனுப்புவோம்; மறுத்தால், மறுத்தவர் யாரென்று நாடறியட்டும்!

தோழர்களே! உங்கள் வாயிலில் பொட்டலத்தோடு நிற்பவனிடம் ஒரு குவளை நீர் கொடுங்கள், கூடவே ஒரு கேள்வியும் கொடுங்கள்: "உன்னைக் கூட்டாளி என்று எழுதியவன் யார்?" அந்தக் கேள்வி அவன் நெஞ்சில் தைத்துவிட்டால், சங்கம் தானே பிறக்கும். திண்ணையில் இருந்தவள் தொழிலாளியானாள். உப்பளத்தில் நின்றவன் தொழிலாளியானான். தெருவில் ஓடுபவனும் ஆவான்!