அளவுகோலை அளந்து பார்த்தோமா?



ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவுடன் நீங்கள் முதலில் செய்வது என்ன? சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். அதன் பிறகுதான் பொருளை அளக்கிறீர்கள். அளக்கும் கருவியை முதலில் சோதிக்க வேண்டும் என்பது அறிவியலின் அரிச்சுவடி. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் தரத்தை அளக்கும்போது மட்டும் அறிவியல் உலகம் இந்த அரிச்சுவடியை மறந்துவிடுகிறது என்பது என் கருத்து. அறுவை மருத்துவத்தில் இந்த மறதிக்கு விலை மனித உயிர். ஆகவே அத்துறையையே எடுத்துக்கொள்வோம்.

கோவையில் பிறந்த அளவுகோல்

லாரி ஏறியதால் ஒருவரின் கால் எலும்பு நொறுங்கி, தோல் கிழிந்து, காயத்தில் மண்ணும் சேறும் புகுந்துவிட்டன. அந்தக் காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா? காப்பாற்றக்கூடிய காலை எடுத்துவிட்டால், ஓர் உழவரோ தறித் தொழிலாளியோ வாழ்நாள் முழுதும் ஒரு காலை இழந்து வாழ வேண்டும். காப்பாற்ற முடியாத காலோடு போராடினால், அறுவைமேல் அறுவை, கடன்மேல் கடன், முடிவில் உயிருக்கே ஆபத்து.

இம்முடிவுக்கு உதவ 1990-இல் அமெரிக்காவில் ஒரு மதிப்பெண் முறை வந்தது. கோவை மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரனும் அவர் குழுவினரும் மற்றொரு முறையை உருவாக்கி 2006-இல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றின் காயத்துக்கும் கடுமையைப் பொறுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண். நிலைமையை மோசமாக்கும் வேறு 7 காரணங்களுக்குத் தலா 2.

மதிப்பெண் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. 109 கால் முறிவுகளில் கால் பிழைத்ததா இல்லையா என்பதோடு அந்த மதிப்பெண்ணை ஒப்பிட்டார்கள். அமெரிக்க முறையோடும் ஒப்பிட்டார்கள். இம்முறையில் மதிப்பெண் 14 அல்லது அதற்குக் குறைவானால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நலம். 15, 16 என்றால்? அங்கே எண் ஒதுங்கிக்கொள்கிறது. மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நல்ல கருவிக்கு இலக்கணம் இதுதான்: அது விளைவோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டிருக்கும், தன் எல்லையையும் அறிந்திருக்கும்.

மேற்கோள் என்னும் எண்ணிக்கை

இப்போது மற்றோர் அளவுகோலைப் பார்ப்போம். ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று எண்ணுவது அது. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் மேற்கோள் அட்டவணை ஒன்றை முன்மொழிந்தார். ஒரு கருத்து எங்கெங்கு சென்றது என்று தேடிக் கண்டுபிடிக்க உதவுவதே அதன் நோக்கம். அதிலிருந்து இதழ்களுக்கான ‘தாக்கக் காரணி’ பிறந்தது. ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அவற்றுக்கு அடுத்த ஆண்டில் 300 மேற்கோள்கள் கிடைத்தால் தாக்கக் காரணி 3. தேடுவதற்குச் செய்த கருவி, நாளடைவில் தீர்ப்புச் சொல்லும் கருவியாகிவிட்டது.

இதன் சுழிப்பிழைகளைப் பாருங்கள். முதலாவது, இது வெறும் சராசரி. அந்த 300 மேற்கோள்களில் 200 ஒரே கட்டுரைக்குக் கிடைத்திருக்கலாம். மற்ற 99 கட்டுரைகளும் அதன் நிழலில் நின்று பெருமை கொள்ளும்.

இரண்டாவது, பயன்படுத்துவோர் எல்லாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஈரோட்டிலோ உடுமலையிலோ ஓர் அறுவை மருத்துவர் ஒரு கட்டுரையைப் படித்து, அதன்படி ஒரு காலைக் காப்பாற்றினால், மேற்கோள் கணக்கில் அது பூஜ்யம்!

மூன்றாவது, பாராட்டும் மறுப்பும் இங்கே ஒரே கணக்குதான். ‘இந்த முடிவு தவறு’ என்று சுட்டினாலும் எண்ணிக்கை ஒன்று ஏறும். ஸ்வீடனில் பணியாற்றிய பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், மூச்சுக்குழாய் மாற்று அறுவை பற்றிப் புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழில் 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். பலரும் அவற்றை மேற்கோள் காட்டினார்கள். ஆனால் ஸ்வீடனில் அவரிடம் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்திக்கொண்ட மூவரும் இறந்தனர். அந்த இரு கட்டுரைகளையும் இதழ் திரும்பப் பெற்றது 2023-இல்தான். அதே ஆண்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. இதழின் தாக்கக் காரணி அந்த நோயாளிகளைக் காக்கவில்லை.

நான்காவது, இந்தக் கருவியை அளக்கப்படுபவரே அசைக்க முடியும். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டலாம். நண்பர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம். பொருளே தராசு முள்ளைத் தள்ளினால் அந்த எடையை யார் நம்புவார்?

எண்ணே வேண்டாமா?

‘எண் இல்லாவிட்டால் சிபாரிசு அல்லவா தலைதூக்கும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேர்வுக் குழுவினரின் விருப்பு வெறுப்புக்கு எண் ஓரளவு கடிவாளம் போடுகிறது என்பது உண்மை. எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எந்தக் கட்டுரைகளை முதலில் படிக்கலாம் என்று அது வழி காட்டட்டும். தீர்ப்பைப் படித்த பிறகு சொல்வோம். ஆய்வாளர் ஒருவரை, அவர் எழுதிய இதழின் தாக்கக் காரணியை வைத்து எடை போடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கையும் வலியுறுத்துகிறது.

நாளை உங்களில் சிலர் மருத்துவராவீர்கள். சிலர் பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது ஓர் அறுவை மருத்துவக் கட்டுரை உங்கள் முன் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை நோயாளிகளைப் பார்த்தார்கள்? எவ்வளவு காலம் தொடர்ந்து கவனித்தார்கள்? தோல்விகளையும் மறைக்காமல் எழுதினார்களா? இவற்றுக்கு விடை இதழின் தாக்கக் காரணியில் இல்லை. கட்டுரையைத் திறந்து படித்தால்தான் கிடைக்கும்.