மின்சாரமும் சம்மதமும்

மனநோய்க்கு மின்சாரம் கொடுப்பது என்றதும் எம்மவர்களின் முகம் மாறிவிடுகின்றது. அங்கொடை என்ற ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கியவர்கள் அல்லவா நாம்! நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைத்துத் துடிக்கத் துடிக்க மின்சாரம் பாய்ச்சும் காட்சியைத் திரைப்படங்கள் எமது மனதில் ஆழப் பதித்துவிட்டன. பத்திரிகைத் துறையில் பல்லாண்டுகள் பணியாற்றிய நானும் நீண்டகாலம் அந்த அச்சத்துடனேயே இருந்தவன்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1938 ஏப்ரலில் ரோம் நகரில் உகோ செர்லெற்றியும் லூச்சியோ பினியும் மின்வலிப்புச் சிகிச்சையை முதன்முதலாக ஒரு மனிதருக்கு அளித்தார்கள். புகையிரத நிலையத்தில் அலைந்து திரிந்து பொலிஸாரிடம் அகப்பட்டவர் அவர். மயக்கமருந்து கொடுக்கப்படவில்லை. சம்மதமும் கேட்கப்படவில்லை.

இன்று மயக்கமருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பின்னரே சில விநாடிகளுக்கு மின்சாரம் செலுத்தப்படுகின்றது. மூளையில் ஏற்படும் வலிப்பே சிகிச்சை. உடல் பெரிதாகத் துடிப்பதில்லை. மருந்துக்கு மசியாத கடும் மனச்சோர்வில், சிறப்பாக உணவையும் நீரையும் மறுத்துக் கிடப்பவருக்கு, இதனிலும் விரைவாகப் பயன்தரும் வழி அரிது. தலைமேல் காந்தச் சுருளை வைத்துப் பல வாரங்கள் நாளாந்தம் தூண்டும் முறையை 2008 இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அதற்கு மயக்கமருந்து வேண்டியதில்லை. ஆயினும் நோய் முற்றிய நிலையில் பழைய முறையே வலியது.

அப்படியானால் எதற்கு அஞ்சுவது? நினைவிழப்புக்கு. 1988 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட மைக்கேல் டுக்காக்கிஸின் மனைவி கிற்றி, இச்சிகிச்சை தம்மை மீட்டதென 2006 இல் நூலே எழுதினார். நினைவுகள் சில போனதையும் மறைக்கவில்லை. எழுத்தாளர் ஹெமிங்வேயோ இதே சிகிச்சையால் தமது நினைவாற்றல் அழிந்ததென நொந்தார். 1961 ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். கொன்றது நோயா, சிகிச்சையா என்று தீர்ப்புக் கூற நான் வைத்தியன் அல்லன். எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற வகையில் அவரது நோவு மட்டும் எனக்கு விளங்குகின்றது.

இச்சிகிச்சையை ஒழிக்கவேண்டும் என்று கூச்சலிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பக்கவிளைவை மூடிமறைப்போருடனும் இல்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்கமருந்தின்றி இதனைச் செய்வதைத் தடைசெய்தது. நல்லது. ஆனால் எமது குடும்பங்களில் வைத்தியரின் அறைக்குள் செல்பவர் தகப்பன் அல்லது தமையன்; நோயாளி வெளியே வாங்கில் காத்திருப்பார். எந்த நினைவுகள் போகக்கூடும், எவை திரும்பி வரும் என்பதை அந்த வாங்கில் இருப்பவரிடமல்லவா முதலில் சொல்லவேண்டும்?