பச்சை வேறு, பசுமை வேறு

1979 மார்ச்சில் அமெரிக்காவின் சிகாகோ நகரத் தென்பகுதியில் 17 சிறுவர் சிறுமியர் தங்கள் குடியிருப்பைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். அலங்கார ஊர்தி என்று அவர்களிடம் இருந்தது, பெட்டியால் மூடி ஜோடித்த ஒரு குழந்தை வண்டி. அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டே வருடங்களில் ஊர்வலம் வெஸ்டர்ன் அவென்யூ என்ற பெருஞ்சாலைக்கு வந்தது. கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. கூடவே பீரும் பெருகியது. 2009இல் கைதானவர்கள் 50 பேருக்கும் மேல். வீட்டுத் தோட்டங்கள் கழிப்பிடங்களாயின. சலித்துப்போன அமைப்பாளர்கள் விழாவையே நிறுத்தினார்கள். குழந்தைகள் தொடங்கிய ஊர்வலத்தில் குழந்தைகளுக்கே இடமில்லை.

இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. 1840களின் பெரும்பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்காவில் கரையேறிய ஐரிஷ் மக்களைக் குடிகாரர்களாகக் கேலிச்சித்திரம் வரைந்தன அக்காலப் பத்திரிகைகள். 'நாங்களும் கௌரவமானவர்கள்' என்று சொல்லவே அவர்கள் வீதியில் அணிவகுத்தார்கள். அயர்லாந்திலோ 1920களிலிருந்து 30 ஆண்டுகளுக்கு மேல் இந்தத் திருநாளில் மதுக்கடைகளைத் திறக்கச் சட்டமே அனுமதிக்கவில்லை. எதிரிகள் தீட்டிய சித்திரத்துக்குப் பேரப்பிள்ளைகளே உயிர் கொடுத்தால் அது என்ன பாரம்பரியம்?

2012இல் ஊர்வலம் திரும்பியது, கறாரான நிபந்தனைகளோடு. பொது இடத்தில் மது அறவே கூடாது. கண்காணிக்கத் தனியார் காவலர்கள். குடும்பங்களும் திரும்பி வந்தன. கொண்டாட்டம் குறைந்துவிடவில்லை, கூச்சல்தான் குறைந்தது.

மிச்சமிருப்பது குப்பை. பச்சை பிளாஸ்டிக் மணிமாலை, பச்சைத் தொப்பி, பச்சை பலூன் எல்லாமே ஒருநாள் வாழ்வு. நிறம் பச்சைதான், பசுமை அல்ல. சிகாகோ ஆறு இதற்கு நல்ல உதாரணம். கழிவுநீர் எங்கிருந்து ஆற்றில் கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பிளம்பர்கள் பயன்படுத்திய சாயம்தான் 1962இல் ஆற்றையே பச்சையாக்கும் யோசனையைத் தந்தது. அந்த வருடம் கொட்டியது 100 பவுண்டு. ஒரு வாரம் நிறம் போகவில்லை. சூழலியலாளர்கள் எதிர்த்த பிறகு தாவரச் சாயத்துக்கு மாறினார்கள். 'ஆறு என்ன அலங்காரப் பொருளா?' என்ற கேள்வி மட்டும் இன்னும் கரையவில்லை.

தீர்வுகள் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல. 1762இல் தொடங்கிய நியூயார்க் ஊர்வலத்தில் மோட்டார் ஊர்திகளுக்கு அனுமதியே கிடையாது, எல்லோரும் நடக்கிறார்கள். அதன் கம்பீரம் குறைந்துவிட்டதா என்ன? துணிப் பதாகைகளில் ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் அடுத்த வருடமும் உதவும். எறிந்து விளையாடும் மணிமாலைக்குப் பதில் ஐரிஷ் நடனத்தையும் குழலிசையையும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரலாம். வழியெங்கும் குடிநீர்க் குழாய், போதுமான கழிப்பறைகள், தள்ளுவண்டிக் குழந்தைகளோடு வருபவர்கள் நெரிசலின்றி நிற்கத் தனி இடம் - இவை இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

விழா எப்படி நடந்தது என்பதைக் கூட்டத்தின் எண்ணிக்கை சொல்லாது. மறுநாள் காலையில் அந்தத் தெரு சொல்லிவிடும்.