வாசகரைக் கேட்காதீர்கள், கவனியுங்கள்

வெப்சைட் உருவாக்கப் புதிதாகக் கற்பவர்களுக்குப் புத்தகம் எழுத முனைவோர், என்னென்ன பாடங்கள் வேண்டும் என்று முதலில் வாசகர்களிடம் கேட்கிறார்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் என்று பதில் வந்து குவியும். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இருப்பதும் இதே பட்டியல்தான். இன்னும் கற்காத ஒன்றில் எங்கே இடறுவோம் என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? கற்பவர் பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்து கவனிப்பதுதான் உண்மையான ஆய்வு.

இதற்கு நல்ல சான்று உண்டு. 1980களில் ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஜான் கேரலும் அவரது குழுவினரும், வேர்ட் பிராசஸர் கற்ற அலுவலக ஊழியர்களைக் கவனித்தார்கள். கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை; உடனே ஏதாவது செய்து பார்த்தார்கள், தவறினார்கள், மீளும் வழி தெரியாமல் தவித்தார்கள். அதைக் கண்டு முன்னுரைகளை வெட்டி, தவறிலிருந்து மீளும் வழியைச் சேர்த்துச் சிறிய கையேடு ஒன்றை எழுதினார்கள். அதை வைத்துக் கற்றவர்கள் விரைவாகவும் நன்றாகவும் கற்றார்கள்.

வெப்சைட் கற்பவருக்கும் இதே கதிதான். படக்கோப்பின் பெயரில் பெரிய எழுத்து இருக்கும். நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார். விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது என்பதால் சொந்தக் கணினியில் படம் தெரியும். லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் காணாமல் போகும். தனக்கு அறிவு போதாது என்று அவர் முடிவுகட்டுவது இங்கேதான். இந்தப் பாடத்தை எந்தக் கருத்துக்கணிப்பிலும் எவரும் கேட்டிருக்க மாட்டார்.

அச்சுக்கு முன்பே வரைவை வெளியிட்டுப் பிழைகளை எழுதச் சொன்னால் போதாதா என்பார்கள். பயனுள்ள வழக்கம்தான். ஆனால் எழுதி அனுப்புபவர்கள் பத்தாம் அத்தியாயம்வரை தாக்குப்பிடித்தவர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் மூடி வைத்தவர் கடிதம் எழுதுவதில்லை. புத்தகம் யாருக்காகவோ அவரே கணக்கில் வராமல் போகிறார். கற்பவரைக் கவனிக்கச் செலவாகும் என்ற தடையும் பெரிதல்ல. பயன்பாட்டுச் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று அத்துறை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்த எண்ணிக்கை பற்றி வாதம் உண்டு. ஆயினும் ஒருவரையும் பார்க்காமல் எழுதுவதைவிட ஐந்து பேரைப் பார்ப்பது எவ்வளவோ மேல். கேட்கத்தான் வேண்டுமென்றால் பாடப்பட்டியலைக் கேட்க வேண்டாம். எதை உருவாக்க ஆசைப்பட்டீர்கள், கடைசியாக எந்த இடத்தில் கைவிட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறது.